பாய் இருமாத நாள்

எங்கள் வீதிக்கென்று சொந்தமாக ஒரு வானொலி நிலையம் இருந்தது. அரசாங்கத்துக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்காது, ஏனென்றால் எங்கள் ஒலி வானத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கம்பத்துக்குக் கம்பம், ஜன்னலுக்கு ஜன்னல் கம்பியிலேயே போய்ச் சேர்ந்தது.

நிலையத்தின் சொந்தக்காரர், இன்ஜினியர், அறிவிப்பாளர் எல்லாம் ஒரே ஆள். சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த பாய். நாற்பத்தைந்து வயது, நல்ல உயரம், எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோன்பி என்று சீசனில் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போவார். மற்ற நாட்களில் ஆம்ப்ளிபயர் சும்மா கிடப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. வீதியில் இருந்த ஆறு பனியன் கம்பெனிகளுக்கும் ஒயர் இழுத்து, கம்பெனிக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி மாட்டினார். காலை எட்டு மணிக்கு அவர் கடையில் இசைத்தட்டு சுழன்றால் ஆறு கம்பெனியிலும் பாட்டு. அறுபதுகளின் நடுப்பகுதி அது. திருப்பூரில் அப்போது பனியன் என்றால் வெள்ளைதான். வேறு நிறத்தில் ஒரு மனிதன் பனியன் போடுவான் என்று எவரும் கனவு கண்டதில்லை.

பாயின் நிகழ்ச்சி நிரல் சிக்கலற்றது. முதலில் ஒரு முருகன் பாட்டு, அடுத்து ஒரு தர்கா பாட்டு, அதற்குப்பின் பழைய பாட்டு. சாயங்காலம் வரைக்கும் பழைய பாட்டு. எது பழையது என்பதற்கு அவரிடம் துல்லியமான வரையறை இருந்தது.

“என்ற நிக்காவுக்கு முன்னால வந்ததெல்லாம் பாட்டுங்க தம்பி. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் சத்தம்.”

கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒரு இசைத்தட்டுகூட வாங்கவில்லை. வீட்டில் ஏற்பட்ட மாறுதலா, இசையில் ஏற்பட்ட மாறுதலா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. பெட்டியில் அடுக்கியிருந்த தட்டுகளை மேலிருந்து கீழாகப் போடுவார். மறுநாளும் மேலிருந்து கீழாக. அந்தக் காலத்துக் கறுப்புத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டுதான். பாட்டு முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும், தட்டைத் திருப்ப வேண்டும். அந்த இடைவெளியில் மைக் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க, அதன் வாயருகே தன் வாயை வைத்து ஒரு முறை இருமுவார். நோய் இருமல் இல்லை. நல்ல ஆரோக்கியமான, அடிவயிற்றிலிருந்து வரும் இருமல். பாட்டைவிட அது இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். இருமி முடித்ததும் அடுத்த பாட்டு.

நான் அந்த வீதியின் பெரிய கம்பெனியில் கிளார்க். வயது இருபத்தாறு. இன்டர்மீடியட்டில் இரண்டு முறை தோற்றிருந்தேன். அதை ஈடுகட்ட நகராட்சி நூலகத்தில் ஐந்து அலமாரிகளைப் படித்து முடித்திருந்தேன். படித்தவன் சும்மா இருக்க மாட்டான் என்பதற்கு நானே உதாரணம். ஆனால் கெடுதலை ஆரம்பித்தது நான் இல்லை. பக்கத்து வீதி டீக்கடைக்காரர் ஆரம்பித்தார். புதிதாக ஒரு ரேடியோ வாங்கி, டீ நேரத்தில் சுடச்சுடப் புதுப்பாட்டு வைத்தார். எங்கள் கம்பெனி டெய்லர்கள் பத்து நிமிட டீயை அரைமணி நேரம் குடிக்கப் பழகினார்கள்.

உள்ளேயே இருந்த பெண்களும் அமைதியாக இல்லை. செக்கிங் பகுதியில் ஒரு அக்கா இருந்தார். பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. மனிதர்களிடமும் அதையே பார்த்தார். ஒரு நாள் பாய் எங்கள் ஸ்பீக்கரைத் துடைக்க வந்தபோது பிடித்துக்கொண்டார்.

“ஏனுங் பாய், உங்க பாட்டுல பாடறவங்க ஒருத்தராச்சும் உசுரோட இருக்கறாங்களா?”

“எல்லாரும் நல்லாத்தான் இருக்கறாங்கம்மா. பாடி முடிச்சுட்டாங்க, அவ்வளவுதான்.”

“அவுங்க முடிச்சுட்டாங்க. நீங்க முடிக்க மாட்டீங்கறீங்களே!”

செக்கிங் மேஜை முழுக்கச் சிரித்தது. பாயும் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

முதலாளி நல்ல மனிதர். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை, செவ்வாய்க்கிழமை தவறாமல் முருகன் கோயில். ஆனால் மிஷின் நிற்பதைப் பார்த்தால் மட்டும் முருகனே வந்து சொன்னாலும் கேட்க மாட்டார். பாயைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“பாய், ஆளுக பூராம் பாட்டுக் கேக்க வெளிய போறாங்க. ஒரு மாசம் பார்ப்பனுங்க. புதுப்பாட்டு வந்துச்சுன்னா சரி. இல்லீன்னா ஒயரைக் கட் பண்ணீட்டு நானே ஒரு ரேடியோ வாங்கி வச்சுக்கறேன்.”

இதில் ஒரு நுட்பம் இருந்தது. பாய் கடையிலிருந்து வரும் ஒயர் முதலில் எங்கள் கம்பெனிக்குள் நுழைந்துதான் மற்ற ஐந்து கம்பெனிகளுக்கும் பிரிந்தது. இங்கே வெட்டினால் வீதி முழுவதும் ஊமை. அதாவது பாயின் நிலையத்துக்கு ஒரு மாத ஆயுள்.

அன்று மாலை பாய் கடைக்குப் போனேன். அவர் மேஜையில் ஒரு தட்டை வைத்துப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

“இந்தக் கடை போனாப் பரவால்லீங் தம்பி. கல்யாண ஊட்டு வேலை இருக்குது, சோத்துக்குக் கொறைவில்ல. ஆனா இதுகளைக் கேக்கறதுக்கு வேற எங்க ஆளு இருக்குது? ஆறு கம்பெனி, இருநூறு முந்நூறு காது. அத்தனை காது எனக்கு இனி எங்க கிடைக்கும்?”

எனக்கு மனம் இளகிவிட்டது. மனம் இளகும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நூலகத்தின் ஐந்து அலமாரிகளில் எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. “நிலையத்தை நான் சீர்திருத்தித் தருகிறேன்” என்று அறிவித்துவிட்டேன்.

என் சீர்திருத்தம் மூன்று அம்சங்கள் கொண்டது. ஒன்று, காலை சாமி பாட்டு முடிந்ததும் புதுப்பாட்டு. அப்போது சின்ன வினைல் தட்டுகள் வந்திருந்தன, ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு. கோயமுத்தூரிலிருந்து ஒரு டஜன் வாங்கி வந்தோம். இரண்டு, பாட்டுக்கு முன்னால் நல்ல தமிழில் அறிவிப்பு. அதை நானே எழுதிக் கொடுத்தேன். மூன்றாவதுதான் எனக்குப் பெருமை தந்த அம்சம்: இருமல் ஒழிப்பு.

“உலகத்தில் எந்த நிலையத்திலும் இருமுவதில்லை பாய்.”

“மைக் செத்துப் போச்சான்னு எப்புடிப் பாக்கறதுங்க?”

“விரலால் தட்டிப் பாருங்கள். மெதுவாக.”

பாய் மைக்கை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். “நீங்க படிச்சவுரு” என்றார். அவர் அதைப் பாராட்டாகச் சொன்னார் என்றே நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை புதிய ஒலிபரப்பு ஆரம்பமானது. முருகனும் தர்காவும் முடிந்ததும் நான் எழுதிக் கொடுத்த அறிவிப்பைப் பாய் வாசித்தார். “இசைப் பெருங்கடலின் அலைகள் இதோ உங்கள் செவிக் கரையை நோக்கி” என்று அது தொடங்கியது. வாசிக்கும்போது அவர் குரலில் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவரின் தயக்கம் தெரிந்தது. அதன்பின் புதுப்பாட்டு. டெய்லர்கள் விசில் அடித்தார்கள். செக்கிங் அக்கா பனியனைக் கீழே வைத்துவிட்டு, “அடேங்கப்பா! பாய் பொழச்சுட்டாரு” என்றார். முதலாளி வெற்றிலைச் சாற்றோடு புன்னகை செய்தார். நான் பில் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்து வெளிநாட்டு நிலையத்து இயக்குநரைப் போல் கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் அப்படி இருந்தேன்.

பின்கட்டிலிருந்து முதலாளியின் சத்தம் வந்தது. எங்கள் கம்பெனிக்குப் பின்னால் கிணற்றடியில் சலவைத் தொட்டிகள். துணியை வெளுத்து அலசிய பிறகு, கடைசியாக நீலம் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால்தான் வெள்ளை பளிச்சென்று தெரியும். வீட்டில் வேட்டிக்குப் போடுவதுதான், இங்கே தொட்டிக் கணக்கில். கொஞ்சம் அதிகமானால் வெள்ளை போய்விடும். அந்த வேலையைச் செய்தவர் பொங்கலூர்ப் பக்கத்து ஆள், ஐம்பது வயது, பத்து வருஷ அனுபவம். ஒரு லாட்கூடக் கெடுத்தவர் இல்லை. வீதியில் எல்லாரும் அவரை நீலக்காரர் என்றே சொன்னார்கள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். நீலக்காரர் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார், முகத்தில் பதற்றத்தோடு, ஆனால் கடமை தவறாதவரின் நிமிர்வோடு. தொட்டியிலிருந்து முதலாளி இழுத்து வெளியே போட்ட துணி, மழைக்குப் பிந்திய ஆகாயத்தின் நிறத்தில் இருந்தது. அழகான நிறம். அந்த நேரத்தில் அதைச் சொல்லவில்லை.

“ஏய்யா, கண்ணுக்கு முன்னால நீலமாப் போயிட்டிருக்குது, எடுக்கறதுக்கு என்னய்யா?”

“பாய் இருமுலீங்களே!”

“என்னது?”

“ரெண்டு இருமலுக்கு எடுக்கோணுமுங்க. பத்து வருசமா அதுதான் கணக்கு. துணியை உள்ள போட்டதுல இருந்து காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறேன். ஒரு இருமல்கூட வல்லீங்க. இருமாம எப்புடிங்க எடுக்கறது?”

கிணற்றடியில் பம்புசெட் ஓடும். அந்த இரைச்சலில் பாட்டுக் கேட்காது, பாயின் இருமல் மட்டும் கேட்கும். முதல் இருமலில் தயாராகி இரண்டாவது இருமலில் தூக்கினால் வெள்ளை. இந்தத் தொழில் ரகசியம் முதலாளிக்கும் அப்போதுதான் தெரிந்தது. கடிகாரம் வாங்கிக் கொடுத்திருக்கலாம்தான். நீலக்காரருக்கு மணி பார்க்கத் தெரியாது. அதைவிட, கடிகாரம் ஒரு நாள் நிற்கும், பாய் ஒரு நாளும் நின்றதில்லை.

விசாரித்தபோது எனக்கு மயக்கம் வந்தது. அயர்ன் போடுகிறவர் மூன்று இருமலுக்கு ஒருமுறை கரி மாற்றினார். அன்று பெட்டி ஆறிப்போய் அவர் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். செக்கிங் மேஜையில் ஐந்து இருமலுக்கு ஒரு கட்டு முடிக்க வேண்டும் என்று அக்கா தனக்குத் தானே சட்டம் வைத்திருந்தார். அடுத்த கம்பெனியிலும் நீலத் தொட்டி இருந்தது. அங்கிருந்தும் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் அதைக் கேட்காதது போல் உள்ளே போனேன்.

மத்தியானம் ஆறு கம்பெனி முதலாளிகளும் பாய் கடை முன்னால் கூடினார்கள். ஒயரை வெட்டுவதாகச் சொன்னவரே கெஞ்சும் குரலில் ஆரம்பித்தார்.

“பாய், பழையபடி போட்டுருங்க. பழைய பிளேட்டு, பழைய இருமல். ஒயரை யாரும் தொட மாட்டாங்க.”

நிலையம் பிழைத்தது. பாய் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் முகம் மட்டும் தொங்கிப் போனது.

“பாட்டு?” என்றார்.

“அதென்னமோ போடுங்க. இருமல் முக்கியம்.”

“பத்து வருசமாப் போட்டனுங்களே. ஒரு பாட்டாச்சும் காதுல உளுந்துச்சுங்களா?”

ஆறு முதலாளிகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கணக்குக் கேட்டால் சொல்வார்கள், நூல் ரகம் கேட்டால் சொல்வார்கள். உண்மையைச் சொல்லிப் பாயைக் கொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. எங்கள் முதலாளி என்னைப் பார்த்தார். நான் நிகழ்ச்சி அமைப்பாளன் அல்லவா? நான் கம்பத்தைப் பார்த்தேன்.

“சரிங்க” என்றார் பாய். “நாளைக்குப் பழையபடியே போடறேன்.”

அந்தச் ‘சரிங்க’வில் ஏதோ இருந்தது. இருபது வருஷம் மைக் முன்னால் நின்றவருக்குத் தன் குரலை எங்கே மறைப்பது என்று தெரியும். எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை முருகன் வந்தார், தர்கா வந்தது, முதல் பழைய பாட்டு வந்தது. ஒரு பெண் குரல் மூன்று நிமிடம் உருகி உருகி அழுது முடித்தது. முடிந்ததும் வீதியே மிஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கூர்மையாக்கியது.

இருமல் வரவில்லை.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். ஸ்பீக்கரில் ஊசி உரசும் சத்தம்கூட இல்லை. பிறகு பாயின் குரல் வந்தது, மிக மரியாதையாக.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. இப்பப் பாடின அம்மா எதுக்கு அழுதாங்கன்னு ஆராச்சும் சொன்னா, நான் இருமறேனுங்க.”

“அழுதாங்களா?” என்றார் முதலாளி.

பின்கட்டிலிருந்து நீலக்காரர், “ஐயோ, துணி உள்ள இருக்குதுங்க!” என்று கத்தினார். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

“படிச்சவரு, சொல்லுங்க! அந்தப் பொம்பளை எதுக்கு அழுதா?”

தினமும் காலையில் அந்தப் பாட்டு ஓடும்போது நான் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருப்பேன். மனிதத் துயரத்தைப் பற்றி இரண்டு அலமாரி படித்திருந்தும் இந்தத் துயரம் மட்டும் நழுவிவிட்டது. “குழந்தை இறந்திருக்கலாம்” என்றேன். பாட்டில் அழுகிற பெண்களுக்கு அது பொதுவாகப் பொருந்தும்.

அதற்குள் செக்கிங் ஜன்னல் திறந்தது. அக்கா தலையை வெளியே நீட்டி, வீதியைத் தாண்டிப் பாய் கடைக்கு எட்டும்படிக் கத்தினார்.

“பழனிக்குக் காவடி எடுத்துட்டுப் போன புருசன் சாமியாராயிட்டானுங்க பாய்! அதுக்குத்தான் அழுகறா! வரும்போது வளையல் வாங்கீட்டு வாரேன்னு சொல்லீட்டுப் போனானாம், திருட்டுப்பய!”

ஸ்பீக்கரில் பாய் இருமினார். அப்படி ஒரு இருமலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. ஆறு கம்பெனிகளிலும் மிஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. முதலாளி தொட்டிக்கு ஓடினார். உள்ளே நீலத் தண்ணீர்தான் இருந்தது, துணி இல்லை. நீலக்காரர் வேப்பமரத்துக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலமே பாய் அவரிடம் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“பழைய பாட்டு வேண்டாம் வேண்டாம்னு நின்னவளுக்குத்தான் பூராம் தெரியுது” என்று முதலாளி அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

“வேண்டாததுதானுங்களே மனசுல நிக்குது. என்ற மாமியாரு சொன்னதெல்லாம் வரி விடாமச் சொல்லட்டுங்களா?”

அதன்பின் தினமும் காலையில் ஒரு கேள்வி. முதல் பாட்டுக்கு மட்டும், அதற்குப் பதில் வந்தால்தான் அன்றைய கணக்கு ஆரம்பம். அக்காவே தினமும் சொல்லிவிடக் கூடாது, கம்பெனி மாற்றி முறை வைத்துப் பதில் சொல்ல வேண்டும் என்று பாய் விதி போட்டார். ஒவ்வொரு கம்பெனியிலும் பதில் சொல்லும் பொறுப்பை அந்தந்த முதலாளியே ஏற்றுக்கொண்டார். கௌரவப் பிரச்சினை. புதுப்பாட்டுக்கும் நியாயம் கிடைத்தது. டீ நேரத்தில் அரைமணி. சின்னத் தட்டில் ஒரு பாட்டு முடிந்ததும் பாய் ஊசியைத் தூக்கி இருமிவிட்டு அடுத்த பாட்டின் மேல் வைப்பார். டெய்லர்கள் பக்கத்து வீதிக்குப் போவதை நிறுத்தினார்கள்.

எங்கள் கம்பெனி முறை வியாழக்கிழமை வந்தது. புதன் மாலையே முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீங்க பாய்க்கு வேண்டியவரு. நாளைக்கு என்ன பாட்டுன்னு சும்மா பேச்சுவாக்குல கேட்டுட்டு வந்துருங்க.”

போனேன். சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன். பாய் என்னை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, தயங்காமல் சொன்னார்.

“நாளைக்கு ஒரு அப்பன் பாடற பாட்டுங்க தம்பி. திருவிழாவுல மகளைத் தொலைச்சுட்டுத் தேடறான். ரொம்ப சோகமான பாட்டு. முதலாளிகிட்டச் சொல்ல மாட்டீங்கல்ல?”

“நானா?” என்றேன்.

வியாழக்கிழமை காலை முதல் பாட்டு முடிந்தது. முதலாளி அதைக் கேட்டாரா என்பது சந்தேகம். விடை கையில் இருக்கும்போது கேள்வியை யார் படிப்பார்கள்? பாய் மைக்கில் கேட்டார்: “இப்பப் பாடினவரு எதைத் தேடறாருங்க?” முதலாளி வாசலுக்கு வந்து, தொண்டையைச் செருமி, ஆறு கம்பெனியும் கேட்கும்படி உருக்கமாகச் சொன்னார்.

“பெத்த மகளைத் தேடறானுங்க, பாவம்! கண்ணுல தண்ணி வந்துருச்சு பாய், எனக்கு!”

செக்கிங் ஜன்னலில் முதல் சிரிப்பு வெடித்தது. கொஞ்ச நேரத்தில் அது அடுத்த கம்பெனிக்குப் போய், அங்கிருந்து கடைசிக் கம்பெனிக்குப் போனது. “மூக்குப்பொடி டப்பாங்க!” என்று யாரோ கத்தினார்கள். “மூக்குப்பொடி டப்பாவைத் தேடறானுங்க முதலாளி!”

அது ஒரு நகைச்சுவைப் பாட்டு. பாய் தட்டை மாற்றியிருந்தார்.

முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். நான் அன்றைக்கு மிகவும் அவசரமான பில் ஒன்றை எழுத ஆரம்பித்தேன்.

மறுவாரத்திலிருந்து அவர் ஏழரை மணிக்கே வந்தார். கம்பெனியைத் திறக்காமல் நேராகப் பாய் கடைக்குப் போவார். மர ஸ்டூலில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து ஒவ்வொரு தட்டாகப் போடச் சொல்லிக் கேட்பார். “இருங்க, இருங்க, அந்த எடத்தை மறுக்காப் போடுங்க” என்பார். ஒரு நாள் சாவி வாங்கப் போன நான் வெளியே நின்று பார்த்தேன். அந்தக் காவடிப் புருஷன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி வெற்றிலையை மெல்லுவதற்கு மறந்து வாயில் அப்படியே வைத்திருந்தார்.

“ஏனுங்க பாய்” என்றார் பாட்டு முடிந்ததும், “அவன் கடைசி வரைக்கும் வரவே மாட்டானுங்களா?”

“மறுபக்கத்தையும் போடறனுங்க, கேளுங்க” என்று பாய் தட்டைத் திருப்பினார்.

எட்டு மணியாகிப் பத்து நிமிடம். வாசலில் டெய்லர்களும் செக்கிங் பெண்களும் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். நான் சாவி கேட்கக் கையை நீட்டினேன். முதலாளி என் பக்கம் திரும்பாமலே, பேசாதே என்று விரலை உதட்டில் வைத்தார்.